காற்று கெட்டியாகும் கதை

ஆதியில் உலகம் வெறும் சேறாக இருந்தது என்கிறார்கள் இக்போ மக்கள். தென்கிழக்கு நைஜீரியாவில், நிரி என்ற பழைய ஊரைச் சுற்றி வழங்கும் கதை இது. சுக்வு என்ற பெருங்கடவுள் எரி என்பவனையும் அவன் மனைவியையும் வானத்திலிருந்து கீழே அனுப்பினார். வந்து சேர்ந்த இடத்தில் கால் ஊன்றத் தரை இல்லை. எங்கு பார்த்தாலும் சதுப்பு. எரி ஒரு கரையான் புற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சுக்வுவிடம் முறையிட்டான். சுக்வு அவ்கா ஊர்க் கொல்லன் ஒருவனை அனுப்பினார். அவன் கரியும் துருத்தியுமாக வந்தான். நெருப்பு மூட்டி, ஊதி ஊதி, அந்த ஈர நிலத்தைக் காயவைத்தான். தரை இறுகியது. மனிதர் நடமாட ஓர் இடம் கிடைத்தது.

கதையின் அடுத்த பகுதி நெஞ்சை உலுக்கும். எரி இறந்ததும் வானத்திலிருந்து வந்துகொண்டிருந்த உணவு நின்றுபோனது. அவன் மகன் நிரி பசிக்கு வழி கேட்டான். மூத்த மகனையும் மூத்த மகளையும் பலியிட்டுத் தனித்தனிக் குழிகளில் புதைக்கச் சொன்னார் சுக்வு. இக்போ வாரத்துக்கு 4 நாள். மூன்று வாரம், அதாவது 12 நாள் கழிந்ததும் மகனின் குழியிலிருந்து பெருவள்ளிக்கிழங்கும் மகளின் குழியிலிருந்து சேம்பும் முளைத்தன. பலியிட்ட ஓர் அடிமை ஆணின் குழியிலிருந்து எண்ணெய்ப்பனையும், அடிமைப் பெண்ணின் குழியிலிருந்து ஈரப்பலாவின் ஆப்பிரிக்க உறவுமரம் ஒன்றும் முளைத்ததாகவும் சொல்வார்கள். தட்டில் விழும் ஒவ்வொரு உணவுக்கும் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது என்பதை இதைவிடக் கடுமையாகச் சொன்ன கதையை நான் அறியேன்.

என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தத் துருத்தி. அவ்கா கற்பனை ஊரில்லை. இரும்பு வேலைக்குப் பெயர்போன ஊர் அது. அவ்வூர்க் கொல்லர்கள் இக்போ நாடெங்கும் பயணம் போய்த் தொழில் செய்தவர்கள். நிரிக்கு அருகே இக்போ-உக்வுவில் கிடைத்த நுணுக்கமான வெண்கலப் பொருள்கள் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானவை. ஊதிய காற்று நெருப்பை என்ன செய்யும், நெருப்பு உலோகத்தை என்ன செய்யும் என்று கையால் அறிந்த மக்கள், உலகம் உண்டானதையும் அதே வேலையாகக் கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத காற்று, காலுக்குக் கீழே நிற்கும் தரையை ஆக்கித் தந்தது.

அவ்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் நிமோ என்ற ஊரைச் சேர்ந்தவர் உச்சே ஒகேகே. பிறந்தது 1933இல். வடக்கே சாரியாவில் இருந்த கல்லூரியில் ஓவியம் படித்தபோது, 1958இல் நண்பர்களுடன் சேர்ந்து சாரியா ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். டெமாஸ் ந்வோகோ, புரூஸ் ஒனோபிரக்பெயா, யூசுப் கிரில்லோ எல்லோரும் அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள். ஆங்கிலேயர் வகுத்த பாடத்திட்டம் ஐரோப்பியக் கலையைத்தான் கற்றுக்கொடுத்தது. அந்த மாணவர்கள் ஐரோப்பிய எண்ணெய் வண்ணத்தை உதறிவிடவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு தங்கள் ஊர்க் கதைக்கும் கோலத்துக்கும் திரும்பினார்கள். நைஜீரியா விடுதலை பெற்ற 1960ஆம் ஆண்டில் ஒகேகே எழுதிய அறிக்கை இந்த வழிக்கு ‘இயற்கை இணைப்பு’ என்று பெயர் வைத்தது. அவர் இக்போ கதைகளைத் தேடித் தேடிச் சேகரித்தவர். பின்னாளில் அவற்றைப் புத்தகமாகவும் வெளியிட்டார்.

1961இல் பலகை மீது எண்ணெய் வண்ணத்தில் அவர் தீட்டிய ‘அனா ம்முவோ’, இறந்தோரின் நாட்டைக் காட்டும் ஓவியம். இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூரம், ஆழம், நிழல் எதையும் நாடாத தட்டையான வடிவங்கள். வளைந்து ஒன்றுக்குள் ஒன்று நுழையும் முகமூடி உருவங்கள். எது உடல், எது வேர், எது கொடி என்று சட்டென்று பிரித்துவிட முடியாது. இக்போ நம்பிக்கையில் முன்னோர் மண்ணுக்குள் இருக்கிறார்கள். அந்த மண்தான் முளைவிடுகிறது. வேரையும் உடலையும் பிரிக்காமல் வரைந்தது அந்த நம்பிக்கைக்கு நேர்மையான வழி.

ஒகேகேயின் தாய் ஊலி வரையத் தெரிந்தவர். ஊலி என்பது இக்போப் பெண்கள் உடம்பிலும் சுவரிலும் இடும் கோலம். மெல்லிய கோடு, ஒரு சுருள், ஒரு புள்ளி, அதைச் சுற்றித் தாராளமான வெற்றிடம். காட்டுச் செடிகள் சிலவற்றின் காயை இடித்துப் பிழிந்தால் வரும் சாறுதான் மை. தோலில் தீட்டும்போது அதற்கு நிறமே இருக்காது. வரைபவர் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாத கோட்டைத்தான் போடுகிறார். காற்றுப் பட்டுச் சில மணி நேரம் கழிந்தபின் கோடு மெல்லக் கறுக்கும், மறுநாள் கருநீலமாக எழுந்து நிற்கும். இரவு வைத்துக் காலையில் சிவக்கும் மருதாணியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் போல் நின்று, பிறகு அழிந்துவிடும். சுவரில் மண்ணாலும் கரியாலும் இட்ட ஊலியோ அடுத்த மழைவரைதான். ஒகேகே அழியும் இந்தக் கோட்டைக் கொண்டுபோய் அழியாத பொருளில் வைத்தார்.

அந்த அழியாத பொருள் எது என்று பார்க்கப் போனால் வியப்பு இன்னும் கூடுகிறது. எண்ணெய் வண்ணம் என்பது நிறமிப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. நம் தச்சர்கள் தேக்குக் கதவுக்குப் பூசும் லின்சீட் ஆயிலும் இதே ஆளிவிதையிலிருந்து எடுத்ததுதான். தீட்டிய வண்ணம் காய்ந்துவிட்டது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். தண்ணீர் ஆவியாகிப் போவதுபோல் இதில் எண்ணெய் எங்கேயும் போவதில்லை. அது காற்றிலிருந்து ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆளிவிதை எண்ணெயின் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம். அந்த நீண்ட கார்பன் சங்கிலியில் மூன்று இடங்களில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் இருக்கும் கார்பனிடமிருந்து ஹைட்ரஜன் எளிதில் கழன்று விழும். காலியான இடத்தை ஆக்சிஜன் பற்றும். அதிலிருந்து தொடர்வினை கிளம்பி, ஒரு சங்கிலி பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும், அது அடுத்ததை. சில நாளில் திரவமாக இருந்த எண்ணெய் முழுவதும் ஒரே வலையாகக் கோத்துக்கொண்டு உறைந்துவிடுகிறது. இப்படி ‘காய்ந்த’ எண்ணெயை நிறுத்துப் பார்த்தால் முன்னைவிட எடை கூடியிருக்கும், பத்து சதவீதத்துக்கும் மேல். கூடிய எடை முழுவதும் காற்று.

இந்த வினையில் வெப்பம் வெளியேறும். ஓவியப் பரப்பில் அது பரவிப் போய்விடுவதால் நமக்குத் தெரிவதில்லை. தூரிகையைத் துடைத்த எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே தேங்கி ஏறும். யாரும் தீக்குச்சி உரசாமலேயே துணிகள் பற்றிக்கொள்ளும். அதனால்தான் ஓவியக்கூடங்களில் அந்தத் துணிகளை விரித்துக் காயப்போடுகிறார்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து மூடியுள்ள உலோகத் தொட்டியில் போடுகிறார்கள். அவ்காக் கொல்லனின் கதையைப் படித்துவிட்டு இதைப் படித்தபோது சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டேன். ஈரமும் காற்றும் நெருப்பும் அங்கே இருந்த அதே மூன்று. முடிவில் கெட்டியாகும் ஒரு பரப்பு.

எண்ணெய் உலர்வதை விரைவுபடுத்த ஓவியர்கள் கோபால்ட் உப்பு ஒரு துளி சேர்ப்பார்கள். உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி இன்று காங்கோவில் தோண்டப்படுகிறது. 

புராணத்துக்குள் அறிவியலைக் கண்டுபிடித்துத் தரும் எழுத்து நம்மிடம் ஏராளம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நிரியின் கதைக்கு ஆக்சிஜன் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஈரமும் நெகிழ்வுமான ஒன்று எப்படி உறுதியான ஒன்றாக மாறுகிறது என்ற கேள்வியை அந்தக் கதை கேட்டது. வேதியியலும் பின்னால் வந்து அதே கேள்வியைக் கேட்டது. ஓவியர் இரண்டுக்கும் நடுவில் தூரிகையுடன் நிற்கிறார். மரத்தைப் பற்றிப் பேசும்போது இது இன்னும் தெளிவாகும்.

தெற்கு சூடானின் நுவேர் மக்கள், மனித குலம் ஒரு புளியமரத்தில் தோன்றியது என்று சொன்னார்கள். அவர்களிடையே 1930களில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிச்சர்ட் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த ஆதி மரம் இன்னது என்று காட்டப்பட்ட ஒரு மரம் நெடுங்காலம் நின்றிருந்து பின்னர் எரிந்துபோனதையும் எழுதியிருக்கிறார். ‘இண்டிகா’ என்ற கடைப்பெயரை அறிவியல் அதற்கு வைத்துவிட்டாலும் புளியின் தாயகம் ஆப்பிரிக்க வெப்பமண்டலம். மிகப் பழங்காலத்திலேயே கடல் கடந்து வந்து நம் சாலையோரத்திலும் குழம்பிலும் குடியேறிவிட்ட மரம்.

நமீபியாவின் ஹெரேரோ மக்களுக்கு முதல் மரம் ஓமும்போரோம்போங்கா. முதல் மனிதனும் அவன் மனைவியும் அந்த மரத்திலிருந்து வெளியே வந்தார்கள், மாடுகளும் அதிலிருந்தே வந்தன. மரத்தைக் கடந்து போகிறவர்கள் வணங்காமல் போகமாட்டார்கள். நம் மருத மரத்துக்கு நெருங்கிய உறவான காம்பிரெட்டம் இனத்து மரம் இது. ஈயம்போல் கனப்பதால் ஈயமரம் என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் பெற்றது. தண்ணீரில் போட்டால் மிதக்காது, மூழ்கும். ஆயிரம் ஆண்டு வாழக்கூடியது. செத்த பிறகும் பட்டுப்போன கட்டையாகப் பல நூற்றாண்டு நிற்கும், கரையான் எளிதில் அரிக்காது. அதை எரித்த சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி. குடிசைச் சுவருக்கு அந்தச் சாம்பலைக் குழைத்து வெள்ளையடித்தார்கள். மனிதருக்குப் பிறப்பிடமாக ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வறண்ட அந்த நிலத்தில் இதைவிடப் பொருத்தமான ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது.

அவ்வளவு கனமும் எங்கிருந்து வந்தது? பதினேழாம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மோன்ட் என்ற மருத்துவர் இதைச் சோதித்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி 5 பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்றை நட்டார். தண்ணீர் மட்டும் ஊற்றினார். ஐந்து ஆண்டு கழித்து மரம் 164 பவுண்டு கூடியிருந்தது. மண்ணில் குறைந்தது இரண்டு அவுன்ஸ் அளவுதான். ஆகவே மரம் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். அவர் இறந்தபின் 1648இல் இது அச்சாகி வெளிவந்தது. வாயுவுக்கு ‘கேஸ்’ என்று பெயர் சூட்டியவரே அவர்தான். கரி எரியும்போது ஒரு வாயு கிளம்புவதைக் கூர்ந்து ஆராய்ந்தவரும் அவரே. தன் தொட்டி மரம் அந்த வாயுவைத்தான் தின்று வளர்ந்தது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன். அந்தக் கார்பன் முழுவதும் இலை வழியாகக் காற்றிலிருந்து வந்தது. ஹெரேரோக்களின் மூழ்கும் மரம், வெயிலும் நீரும் சேர்த்துக் கெட்டியாக்கிய காற்று. ஆளிச்செடியின் விதையில் இருந்த எண்ணெயும், கித்தானில் இருந்த நாரும், கித்தானை இழுத்துக் கட்டிய சட்டமும், வண்ணத்தை இளக்கிய பைன் மரத்து டர்பன்டைனும், மேலே மெருகாகப் பூசிய குங்கிலியமும் அப்படியே. மரத்தை வரைந்த எண்ணெய் ஓவியத்தில், வரையப்பட்டதற்கும் வரைந்த பொருளுக்கும் பெரிய தூரம் இல்லை.

இக்போ நாட்டுக்கு மேற்கே யோருபா மக்கள் உலகம் உண்டானதை வேறு விதமாகச் சொல்கிறார்கள். கீழே தண்ணீர் மட்டும் இருந்தது. ஒபாட்டலா என்ற தெய்வம் ஒரு சங்கிலியைப் பிடித்து வானிலிருந்து இறங்கினார். நத்தை ஓடு நிறைய மணல், ஐந்து விரல் உள்ள ஒரு கோழி, ஒரு பனங்கொட்டை. மணலைக் கொட்டினார், கோழி அதைக் கிளறிக் கிளறி நாலாபக்கமும் பரப்பியது, நிலமாயிற்று. கொட்டையை ஊன்ற அது பனையாயிற்று. ஒபாட்டலா வழியில் கள் குடித்துத் தூங்கிவிட்டதால் அந்த வேலையை ஒடுடுவா முடித்தார் என்பதும் பலர் சொல்லும் வடிவம். எல்லா வடிவத்திலும் அந்த இடம் இலே-இஃபே என்ற ஊர்தான்.

அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத ஒஷோக்போவில் ஓஷுன் ஆற்றங்கரையில் 75 ஹெக்டேர் காடு ஒன்று மிஞ்சியிருக்கிறது. தென் நைஜீரியாவின் பழைய பெருங்காட்டில் எஞ்சிய சிறு துண்டு. 400க்கு மேற்பட்ட தாவர இனங்கள் அதில் உண்டு, ஏறக்குறைய பாதி மருந்துக்கு ஆகும் செடிகள். தெய்வக் காடு என்பதால் தப்பியது. 1950இல் நைஜீரியாவுக்கு வந்த சுசன்னே வெங்கர் என்ற ஆஸ்திரிய ஓவியர் ஒபாட்டலாவின் பூசாரியாகி, உள்ளூர்ச் சிற்பிகளோடும் கொத்தனார்களோடும் சேர்ந்து அந்தக் காட்டுக் கோயில்களை எடுத்துக் கட்டினார். ஆக்கிரமிப்பையும் மரம் வெட்டுவதையும் எதிர்த்து நின்றார். 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2009இல் தம் 93ஆம் வயதில் அவர் அந்த ஊரிலேயே இறந்தார். 1960களில் ஒஷோக்போவில் நடந்த பயிலரங்குகளிலிருந்து ட்வின்ஸ் செவன்-செவன், ஜிமோ புரைமோ போன்ற ஓவியர்கள் கிளம்பினார்கள். பேய்க்காடும் ஆவிகளும் மிருகங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஓவியங்கள் அவை. அவற்றைப் ‘பயிற்சியற்ற கற்பனை’ என்று தள்ளி வைத்த விமர்சகர்கள், அந்தக் காட்டுக்குள் ஒரு நாள் நின்று பார்த்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

யோருபாக்கள் அஞ்சி வணங்கும் மரங்களில் முதன்மையானது இரோக்கோ. உள்ளே ஓர் ஆவி குடியிருக்கிறது என்பார்கள். வெட்டுவதற்கு முன் பரிகாரம் செய்வார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 50 மீட்டர்வரை எட்டும் பெருமரம் இது. தேக்குக்கு மாற்றாக ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானது, ஆகிறது. இதை அறுக்கும் மரவாடிக்காரர்களுக்கு இன்னொரு பயம் உண்டு. நல்ல வைரமான கட்டையின் நடுவில் திடீரென்று ரம்பம் கல்லில் மோதும், பற்கள் சிதையும். மரத்துக்குள் கல். சில சமயம் கைப்பிடிக்கு அடங்காத அளவு.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பதை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ஐவரி கோஸ்ட்டில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பனின் ஒரு பகுதியை ஆக்சாலிக் அமிலமாக்குகிறது. வேர் உறிஞ்சிய கால்சியத்தோடு அது சேர்ந்து கால்சியம் ஆக்சலேட் படிகமாகிறது. கருணைக்கிழங்கைச் சரியாக வேகவைக்காவிட்டால் நாக்கை அரிக்கிறதே, அதற்குக் காரணமும் இந்த உப்பின் ஊசிகள்தான். நிரியின் மகள் புதைந்த குழியில் முளைத்த சேம்பிலும் இதுவே இருக்கிறது. இரோக்கோவின் இலையும் பட்டையும் வேரும் மட்கும்போது பூஞ்சைகள் படிகத்தை விடுவிக்கின்றன. ஆக்சலேட்டையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் அதைத் தின்கின்றன. தின்னத் தின்ன மண்ணின் புளிப்பு முறிந்து காரத்தன்மை ஏறுகிறது. கடைசியில் கால்சியம் கார்பனேட் படிகிறது. சுண்ணாம்புக்கல். மழை அலசி அலசிப் புளித்துப்போன செம்மண்ணில் சுண்ணாம்புக்கல் தானாக உண்டாக வழியே இல்லை. இரோக்கோவின் காலடியில் மட்டும் உண்டாகிறது. ஒரு மரம் தன் வாழ்நாளில் சுமார் ஒரு டன் அளவுக்கு இப்படிச் சேர்க்கிறது என்பது அவர்கள் கணக்கு. மரக்கட்டை எரிந்தாலோ மக்கினாலோ அதிலிருந்த கார்பன் மறுபடி காற்றுக்குப் போய்விடும். கல்லாகிவிட்ட கார்பன் அவ்வளவு எளிதில் போகாது, நெடுங்காலம் மண்ணிலேயே தங்கும்.

சாக்குக்கட்டியும் இதே கால்சியம் கார்பனேட்தான். ஐரோப்பிய ஓவியர்கள் பலகைக்கும் கித்தானுக்கும் அடிப்பூச்சாக அதைப் பசையில் குழைத்துப் பூசினார்கள். பளீரென்ற வெள்ளை. அதையே எண்ணெயில் குழைத்தால் வெள்ளை மறைந்து மங்கிய கண்ணாடிபோல் ஆகிவிடும். ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வளைகிறது, எல்லையில் கொஞ்சம் சிதறுகிறது. காற்றின் நடுவே இருக்கும் சாக்குத்துகள் ஒளியை நன்றாகச் சிதறடிக்கும், அதனால் வெள்ளை. எண்ணெயின் ஒளிவிலகல் எண் சாக்கின் எண்ணுக்கு வெகு அருகில் இருக்கிறது. ஒளிக்கு எது எண்ணெய், எது சாக்கு என்ற வேறுபாடு தெரிவதில்லை, நேரே ஊடுருவிவிடுகிறது. எண்ணெயில் வெள்ளை வேண்டுமென்றால் ஈயவெள்ளையோ டைட்டானியம் வெள்ளையோ தேவை. அவற்றின் எண் மிக அதிகம். ஆக்சிஜனை வாங்கிக்கொண்டே போகும் எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணும் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக உயர்கிறது. அதனால் மேல்பூச்சு மெல்லத் தெளிந்து, அடியில் ஓவியர் போட்டு அழித்த பழைய கோடுகள் நூற்றாண்டு கழித்து மேலே தெரிய வருவதுண்டு. 1961இல் ஒகேகே தீட்டிய பலகையில் அந்த வினை இன்னும் முடியவில்லை. அருங்காட்சியகத்தில் அது இந்த நொடியும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

எல்லா வண்ணமும் எண்ணெயைப்போல் உலர்வதில்லை. நீர்வண்ணத்தையும் மையையும் காகிதத்தில் பிடித்து நிறுத்துவது வேலம்பிசின். நல்ல பிசினில் பெரும்பகுதி வருவது சூடானின் கோர்டோஃபான் பகுதியிலிருந்து, ஹஷாப் என்ற வேலமரத்திலிருந்து. பட்டையைக் கீறிவிட்டால் கசிந்து உருண்டையாகக் காயும். அதில் நடப்பது தண்ணீர் ஆவியாவது மட்டும்தான். நனைத்தால் திரும்பக் கரையும். எண்ணெய் ஒருமுறை இறுகிவிட்டால் திரும்புவதில்லை. இந்த இரண்டு வழியிலும் மரத்தை வரைந்த ஒருவர் சூடானியராக இருந்தது பொருத்தமாகத்தான் அமைந்தது.

இப்ராஹிம் எல்-சலாஹி 1930இல் ஓம்துர்மானில் பிறந்தார். தந்தை நடத்திய குர்ஆன் பள்ளியில் எழுத்தின் வளைவுகளைக் கற்றார். 1954 முதல் மூன்றாண்டு லண்டன் ஸ்லேட் பள்ளியில் படித்தார். திரும்பி வந்து கார்ட்டூமில் வைத்த ஓவியங்களை ஊரார் தங்களுடையதாக உணரவில்லை. அவர் சூடான் முழுக்கச் சுற்றினார். வீட்டுச் சுவரிலும் பாயிலும் எழுத்திலும் இருந்த வடிவங்களைப் பார்த்தார். பிறகு 1961இலிருந்து 1965வரை எனாமலும் எண்ணெயும் கொண்டு தீட்டிய ‘குழந்தைப் பருவக் கனவுகளின் மறுபிறந்த ஒலிகள்’ இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டரை மீட்டருக்கு இரண்டரை மீட்டர் பருத்தித் துணி. மண்ணும் சாம்பலும் கருமையும் மட்டுமே வண்ணம். நெடிதாக நீண்ட, முகமூடி முகமுள்ள உருவங்கள் புகையிலிருந்து பிரிந்து வருவதுபோல் எழுகின்றன. 1975இல் விசாரணை இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் கோபர் சிறையில் வைக்கப்பட்டார். காகிதம் வைத்திருப்பதே குற்றம். கிடைத்த துண்டுக் காகிதங்களில் வரைந்து மணலில் புதைத்து வைத்தார். சிறு துண்டில் தொடங்கிப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துப் பெரிதாக வளர்க்கும் முறை அங்கே பிறந்து, பின்னாள் படைப்புகளிலும் தொடர்ந்தது.

வெளியே வந்து, நாட்டைவிட்டுப் போன பிறகும் அவரை விடாத வடிவம் ஹராஸ் மரம். நைல் கரையில் நிற்கும் வேலமரச் சாதி. மை, நீர்வண்ணம், எண்ணெய் என்று மாறி மாறிப் பல ஆண்டுகள் அதை வரைந்தார். அவருடைய ஹராஸில் இலை எண்ண முடியாது. நேர்க்கோடுகளும் பட்டைகளும் அடுக்கடுக்காக ஏறி ஓர் உடம்பாகின்றன. அந்த உடம்பு மரமா, நிற்கும் மனிதனா என்று அவர் நம்மிடமே விட்டுவிடுகிறார்.

ஹராஸைப் பற்றிச் சூடானில் வழங்கும் பேச்சு, அது மழையோடு சண்டை போட்ட மரம் என்பது. மழைக்காலத்தில் எல்லா மரமும் தழைக்க ஹராஸ் மட்டும் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். மழை ஓய்ந்து, வெயில் ஏறி, மற்றவை காய்ந்து நிற்கும்போது பச்சைப் பசேலென்று தழைக்கும். பேச்சு மிகையில்லை, அப்படியே நடக்கிறது. ஆணிவேர் மிக ஆழத்தில் இருக்கும் நிலத்தடி நீரைத் தொட்டுவிடுவதால் அதற்கு வானத்தின் மழை அவசியமில்லை. மழைக்காலத்தில் ஏன் உதிர்க்கிறது என்பதற்குத் தாவரவியலாளர்கள் பல விளக்கம் வைத்திருக்கிறார்கள், வாதம் ஓயவில்லை. வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகின்றன. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அத்தனை கடலுக்கு நடுவிலும் பயிர் அதைத் தானாகத் தொட முடியாது. ஹராஸ் தொட்டு, உதிரும் இலை வழியாக மண்ணில் இறக்கி வைக்கிறது, அதுவும் விதைப்புக்குச் சரியான காலத்தில்.

டார்ஃபூரில் ஜெபல் மர்ரா மலையடிவாரத்தின் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக ஹராஸ் கன்றை வெட்டாமல் விட்டு உழுதார்கள். மழையில் கிளை மொட்டையாக இருப்பதால் கீழே கம்புக்கு வெயில் குறைவதில்லை. கோடையில் புல் இல்லாதபோது உதிரும் காய்களைத் தின்ன மாடுகள் அதன் நிழலுக்கு வருகின்றன, சாணத்தை அங்கேயே விட்டுப் போகின்றன. அடுத்த மழைக்கு அந்த வட்டத்துக்குள் விதைக்கும் கம்பு, வட்டத்துக்கு வெளியே விதைப்பதைவிடக் கூடுதலாக விளைகிறது.